பொட்டலை விட்டு வைங்க

கேள்வி: எங்க ஏரிக்கரையில சிவப்பு மூக்கு ஆள்காட்டி நெறைய. மேக்கால இருக்குற பொட்டல்ல மஞ்சள் மூக்கோட கொஞ்சம் சின்னதா ஒண்ணு திரியுது, அது இதோட பெண் பறவைன்னு நண்பர் அடிச்சு சொல்றாரு. அந்த இடத்துல மரக்கன்னு நடப்போறோம், ரெண்டுக்கும் நல்லதுதானே?

பதில்: நண்பர் அடிச்சு சொன்னது தப்பு. ஆள்காட்டியில ஆணும் பெண்ணும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், நீங்க பாத்தது தனி இனம். காலை வச்சு கண்டுபிடிக்கப் பாக்காதீங்க, ரெண்டுக்குமே மஞ்சக் காலுதான். சிவப்புக்கு தலையிலேர்ந்து நெஞ்சு வரைக்கும் கருப்பு எறங்கும், கன்னத்துலேர்ந்து கழுத்தோரமா வெள்ளைப் பட்டை. மஞ்சளுக்கு கருப்புத் தொப்பி, அதைச் சுத்தி வெள்ளைக்கோடு, நெஞ்சு மணல் பழுப்பு, கண்ணுக்கு முன்னாடி தொங்குற மஞ்சச் சதைதான் அடையாளம். சத்தமும் வேற. சிவப்பு ராத்திரி பகல்னு பாக்காம ஊரையே எழுப்பும், 'டிட் ஹி டூ இட்'னு அது கத்துறதா இங்கிலீஷ்காரங்க எழுதி வச்சிருக்காங்க (எனக்கு இன்னிக்கி வரைக்கும் அப்படி கேக்கல), மஞ்சள் சன்னமா 'ட்டீ-ஈ'ன்னு இழுக்கும்.

ஆனா நீங்க பாக்க வேண்டியது மூஞ்சிய இல்ல, தரைய. சிவப்பு எங்க வேணா பொழைச்சுக்கும், ஏரி, வயல், ரயில் தண்டவாள ஜல்லி, மொட்டை மாடில கூட முட்டை வச்சிருக்கு, ஈராக் பக்கத்துலேர்ந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் பரவிக் கெடக்கு. மஞ்சள் கிட்டத்தட்ட இந்தியத் துணைக்கண்டத்தோட சரி, அதுலயும் காஞ்ச வெட்டவெளிதான் அதுக்கு வேணும். கோடையில வெறுந்தரைல லேசா குழி பறிச்சு, பொதுவா நாலு முட்டை வைக்கும், மண்ணு நெறத்துலயே இருக்கும், பக்கத்துல நின்னாலும் தெரியாது. வெயில் ஏறுச்சுன்னா தண்ணி இருக்குற எடத்துக்குப் போயி வயித்து எறகை நனைச்சிட்டு வந்து முட்டைய குளுர வைக்கும், சிவப்பும் இதைச் செய்யும்.

இப்ப அந்தக் கன்னு விஷயம். தரிசுன்னு எழுதிட்டா அங்க ஒண்ணுமே இல்லன்னு நெனைக்கிறது நம்ம வியாதி. குழி வெட்டுறப்பவே முட்டை போயிரும், மரம் வளந்தா நாலாபுறமும் பாத்து நிக்கிற வெட்டவெளி போயிரும், சிவப்பு ஏரிக்கரையிலயே இருந்துக்கும், மஞ்சளுக்குத்தான் எடம் இல்லாம போகும். கன்னு வாங்கியாச்சுன்னா தெரு ஓரத்துல, பள்ளிக்கூட வளாகத்துல நடுங்க. அதோட கோடை முடியுற வரைக்கும் அந்தப் பொட்டல்ல பசங்க பைக் ஓட்டாம பாத்துக்கங்க.