இரண்டு சீசனாக பெஞ்சில் இருக்கும் க்வார்ட்டர்பேக்: அந்த டிராஃப்ட் தேர்வு வீண்தானா?

கேள்வி: நான் ஆதரிக்கும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் நிகழ்வு) மூன்றாம் சுற்றில் ஓர் இளம் க்வார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) எடுத்தது. ‘மெதுவாகத் தேறட்டும்’ என்றார்கள். இன்றுவரை ஓர் ஆட்டத்தில்கூட அவர் முதல் ஆளாக இறங்கவில்லை. அந்த இடத்தில் ஒரு லைன்பேக்கரை (தடுப்பாட்டக்காரர்) எடுத்திருக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். இதை எப்படி எடைபோடுவது?

பதில்: ஆடவில்லை என்ற ஒன்றை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மற்ற இடங்களில் இளம் வீரரை ஆட்டத்துக்குப் பத்து இருபது முறை மாற்றாளாக இறக்கிப் பார்க்கலாம். க்வார்ட்டர்பேக் விஷயத்தில் அது நடக்காது. முதல் ஆள் காயமில்லாமல் இருந்தால் இரண்டாமவர் எவ்வளவு தேறியிருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. நான் பார்ப்பது விலையையும் காலத்தையும்தான். அவருக்காக அணி எதை விட்டுக்கொடுத்தது? அவருடைய நான்காண்டு முதல் ஒப்பந்தத்தில் எவ்வளவு பாக்கி இருக்கிறது?

இதற்கு நல்ல பாடம் க்ரீன் பே பேக்கர்ஸ். 2020 டிராஃப்டில் 30-வது இடத்தில் இருந்த அவர்கள், மயாமிக்கு ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து 26-வது இடத்துக்கு ஏறி ஜோர்டன் லவ் என்ற க்வார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். முந்தைய சீசனில்தான் அந்த அணி என்எஃப்சி (லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதிப் போட்டிவரை போயிருந்தது. அணியின் முதல் க்வார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸுக்கு ஒரு நல்ல ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) வேண்டும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். டீ ஹிக்கின்ஸ் என்ற ரிசீவர் 33-வது இடம்வரை எடுக்கப்படாமலே இருந்தார். கோபம் வந்ததில் வியப்பில்லை. அடுத்த இரண்டு சீசன்களிலும் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை ராஜர்ஸே வென்றார். அந்த இரண்டு சீசன்களில் லவ் முதல் ஆளாக இறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில்; கான்சஸ் சிட்டியில் 13-7 என்று தோற்றார்கள். நீங்கள் இப்போது நிற்கும் இடம் இதுதான். அன்றைக்குக் கணக்கை முடித்திருந்தால் அது வீணான தேர்வு என்றே எல்லோரும் எழுதியிருப்பார்கள்.

2023-ல் ராஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போனார். லவ் அந்த சீசனில் 4,159 யார்டு, 32 டச்டவுன் பாஸ் எறிந்து, பிளே-ஆஃபில் டல்லஸை அதன் சொந்த மைதானத்திலேயே 48-32 என்று வென்று காட்டினார். என்னைக் கேட்டால், அது பலன் தந்த தேர்வு. ஆனால் கொடுத்த விலையும் சின்னதல்ல. முதல் ஒப்பந்தம்தான் அணிக்கு மலிவான காலம். அதில் மூன்று ஆண்டுகள் பெஞ்சிலேயே கழிந்தன. 2024 ஜூலையில் நான்கு ஆண்டுக்கு 220 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே 2020 டிராஃப்டில் ஃபிலடெல்ஃபியா 53-வது இடத்தில் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தது. முதல் ஆளாக கார்சன் வென்ட்ஸ் இருக்கும்போது இது எதற்கு என்று அங்கேயும் கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஹர்ட்ஸ் முதல் ஆளானார். மலிவான ஒப்பந்தம் முடிவதற்குள் அணியை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கே கொண்டுபோனார். மிச்சமான பணம் அவரைச் சுற்றி நல்ல ஆட்களைச் சேர்க்க உதவியது. இருவருமே வெற்றிதான். லாபம் யாரிடம் அதிகம் என்று கேட்டால் ஹர்ட்ஸ் என்றுதான் சொல்வேன்.

எடுத்த அணியில் முதல் ஆளாகாமலே பலன் தந்தவர்களும் உண்டு. ஜிம்மி கரோப்போலோவை நியூ இங்கிலாந்து 2014-ல் 62-வது இடத்தில் எடுத்தது. அணியின் முதல் ஆள் டாம் பிரேடி தடையில் இருந்தபோது இரண்டு ஆட்டம் தொடங்கினார், இரண்டிலும் வெற்றி. 2017-ல் அவரை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து வாங்கிய தேர்வு, அடுத்த டிராஃப்டில் 43-வது இடமாக அமைந்தது. மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டு, எடுத்ததைவிட உயர்ந்த இடத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

நிஜமாகவே வீணான தேர்வு எப்படி இருக்கும் என்றால், ஜெட்ஸ் 2016-ல் 51-வது இடத்தில் எடுத்த கிறிஸ்டியன் ஹேக்கன்பர்க். இரண்டு சீசனில் ஒரு லீக் ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை. அணியின் முதல் ஆட்கள் தடுமாறியபோதும் அவரை நம்பி இறக்கவில்லை. கவனிக்க வேண்டியது அதைத்தான். அடுத்த இடத்தில், 52-வதாக, அட்லாண்டா எடுத்தது டியான் ஜோன்ஸ் என்ற லைன்பேக்கரை!

பிரேடி 199-வது இடத்தில், பிராக் பர்டி 262-வது இடத்தில் எடுக்கப்பட்டும் ஜெயித்தவர்கள் என்று யாராவது எண்களை அடுக்கினால் காதில் வாங்காதீர்கள். அதே பின்சுற்றுகளில் எடுக்கப்பட்டு, பெயர்கூட நினைவில் நிற்காமல் போன க்வார்ட்டர்பேக்குகளே அதிகம். மூன்றாம் சுற்றிலும் நெடுங்கால முதல் ஆளாக ஆகிறவர்கள் சிலரே. அதனால் உங்கள் ஆளிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அதற்கேற்ற அளவுதான். அனுபவமுள்ள ஒரு நல்ல மாற்று க்வார்ட்டர்பேக்கை வெளியிலிருந்து கொண்டுவர ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் ஆகும். மூன்றாம் சுற்று ஆளின் சம்பளம் அதில் ஒரு சிறு பங்கு. முதல் ஆளுக்குக் காயம்பட்டால் அணி இவரை நம்பி இறக்கும் என்ற நிலை இருந்தாலே போட்ட முதல் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சீசனுக்கு நடுவில் அவர் பெரிதாகத் தேறுவார் என்று எண்ண வேண்டாம். அப்போது பயிற்சியில் பந்து பெரும்பாலும் முதல் ஆளின் கையில்தான் இருக்கும். ஆகஸ்ட் மாதத்தைப் பாருங்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் அவர் எடுத்த யார்டு கணக்கு முக்கியமல்ல. எதிரே நின்றவர்கள் நிலையான வீரர்களா, வேலைக்கு மன்றாடும் கடைசி வரிசை ஆட்களா என்று பாருங்கள். முதல் ரிசீவர் அடைபட்டிருக்கும்போது பதறி ஓடுகிறாரா, நின்று இரண்டாமவரைத் தேடுகிறாரா என்று பாருங்கள். அணியின் நடத்தை இன்னும் தெளிவாகப் பேசும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது அவருக்கு மேலே வயதான ஒருவரைப் பணம் கொடுத்துக் கொண்டுவந்தாலோ, டிராஃப்டின் முதல் மூன்று சுற்றுகளுக்குள் இன்னொரு க்வார்ட்டர்பேக்கை எடுத்தாலோ, உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. அப்படி எதுவும் நடக்காமல் அவரே இரண்டாம் இடத்தில் தொடர்ந்தால் இன்னும் ஒரு சீசன் பொறுத்திருங்கள்.