ஆட வைக்கும் பாட்டு, ஓட வைக்கும் படம்: சின்னப் பிள்ளைகள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் பள்ளி விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்த்தவள் நான். இப்போது மாலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் பலவும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: டிவியிலும் போனிலும் பார்ப்பது பிள்ளைகளை எழுந்து ஓட வைக்குமா?

பள்ளத்தூர், 3 வயது மகனின் அம்மா: டீச்சர், "குதி, கை தட்டு" என்று ஆடச் சொல்லும் வீடியோ போட்டால் முதலில் நன்றாகக் குதிக்கிறான். கொஞ்ச நேரத்தில் சோபாவில் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கிறான். இதை விளையாட்டுக் கணக்கில் சேர்க்கலாமா?

குதித்த நேரம் சேரும், உட்கார்ந்த நேரம் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாள் முழுக்கச் சேர்த்துக் குறைந்தது 180 நிமிஷம் உடம்பை அசைக்க வேண்டும். அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி இருக்க வேண்டும். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எழுந்து ஆடினால்தான் முடியும் என்கிற திரை விளையாட்டை அந்த ஒரு மணி நேரக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. அதனால் வீடியோவின் பெயரைப் பார்க்காதீர்கள், உங்கள் மகனைப் பாருங்கள்.

180 நிமிஷம் என்றதும் மலைக்க வேண்டாம். கடைக்கு உங்களோடு நடப்பது, திண்ணையில் ஏறி இறங்குவது, சின்னச் செம்பில் தண்ணீர் தூக்கி வந்து செடிக்கு ஊற்றுவது எல்லாமே அதில் சேரும்.

அவன் ஏன் உட்கார்ந்துவிடுகிறான் என்று கேட்டால், என் அனுபவத்தில் பெரும்பாலும் வீடியோவில்தான் கோளாறு. காட்சி சடசடவென மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளை அசையாமல் நின்று பார்க்கும். ஆடுகிறவரின் உடம்பு தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். ஒரே அசைவு நாலைந்து தடவை திரும்ப வர வேண்டும். பிள்ளை செய்து பார்க்க நடுவில் இடைவெளி விட வேண்டும். அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் தடவை நீங்களும் கூட நின்று ஆடிக் காட்டுங்கள். அசைவுகள் அவனுக்குப் பழகியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஓட விடுங்கள். படம் இல்லாவிட்டால் உங்களைப் பார்ப்பான், பார்த்து ஆடுவான். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அசைவைக் கற்கும் வரை படம் போதும், அதற்கு மேல் பாட்டும் ஒரு ஆளும் இருந்தால் சரி.

அடுத்த வீடியோ தானாக ஓடாதபடி அணைத்துவிடுங்கள். யூடியூப் கிட்ஸ் செயலியில் டைமரும் இருக்கிறது.

கானாடுகாத்தான், ஓர் ஆச்சி: மகள் வயிற்றுப் பேரன் பேத்தி லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்காக. 5 வயசும் 7 வயசும். இம்புட்டுப் பெரிய வீட்டில் ஒரு மூலையில் டேப்லெட்டோட உக்காந்திருக்காக. எனக்கு முழங்கால் வலி, கூட ஓட முடியாது.

ஆச்சி, நீங்கள் ஓட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து ஓட வையுங்கள். "டேப்லெட்டில் பார்த்த ஆட்டத்தை எனக்கு ஆடிக் காட்டுங்க அப்பச்சி" என்று கேட்டுப் பாருங்கள். பார்க்க ஆள் இருந்தால் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். அப்போது திரையை மூடி வைத்துவிடலாம்.

அடுத்து, கல்லா மண்ணா. முற்றத்தைச் சுற்றியிருக்கும் பட்டியக்கல்தான் கல், கீழே முற்றம்தான் மண். நீங்கள் "கல்" என்றால் ஏற வேண்டும், "மண்" என்றால் இறங்க வேண்டும். மாற்றி மாற்றி வேகமாகச் சொன்னால் மூச்சு வாங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தால் தூண் பிடிக்கும் விளையாட்டு ஆடலாம். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் பகுதியில், நாலு தூணை நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஐந்தாவது ஆள் நடுவில் நிற்க வேண்டும். தூண் மாறி ஓடும்போது நடுவில் நிற்பவர் காலியான தூணைப் பிடித்துவிட்டால், தூண் கிடைக்காதவர் நடுவுக்கு வர வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் தூணுக்கா பஞ்சம்!

முற்றம் ஈரமாக இருந்தால் மட்டும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீரோ எண்ணெயோ பட்டால் வழுக்கும். ஓடும்போது வெறுங்கால்தான் நல்லது, சாக்ஸ் கூடாது.

பல்லாங்குழி சொல்லிக்கொடுப்பதும் நல்ல விஷயம்தான். ஆனால் அது விரலுக்கும் கணக்குக்கும் உதவும், ஓட்டத்துக்குப் பதிலாகாது. 5 வயதுக்கு மேல் தினமும் சராசரியாக 60 நிமிஷம் நன்றாக ஓடியாட வேண்டும்.

தேவகோட்டை, 8 மாதக் குழந்தையின் அப்பா: கார்ட்டூன் போட்டால்தான் சாப்பிடுகிறாள். பாட்டுக்குக் காலை உதைக்கிறாள், அதுவும் உடற்பயிற்சிதானே?

வேண்டாம் தம்பி. 2 வயதுக்குக் கீழே எந்தத் திரையும் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. சாப்பிடும்போது உணவைத் தொட்டு, மோந்து, பார்த்துச் சாப்பிடட்டும்.

இந்த வயசுக்கு நம்மிடம் இல்லாத விளையாட்டா? பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, வாரானை என்று பருவம் பிரித்திருக்கிறார்கள். தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடை போட்டு வருவது எல்லாம் உடம்பு வளரும் வரிசை. மடியில் வைத்துச் சாய்ந்தாட விடுங்கள், கை கொட்டுங்கள். தவழ ஆரம்பிக்கும் வரை, விழித்திருக்கும்போது நாளில் அரை மணி நேரமாவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் குப்புறப் போடுங்கள். கழுத்துக்கும் முதுகுக்கும் அதுதான் பலம். நீங்களும் எதிரே குப்புறப் படுத்து முகம் காட்டினால் அழ மாட்டாள்.

கோட்டையூர், 4 வயது மகளின் அம்மா: உடற்பயிற்சியை ஊக்குவிக்கும் கதைத் தொடர்கள் பார்த்தால் பிள்ளை மாறுமா?

ஆசை வரும். ஐஸ்லாந்தில் மேக்னுஸ் ஷெவிங் என்ற ஏரோபிக்ஸ் வீரர் இதற்காகவே உருவாக்கியதுதான் லேசிடவுன். 2004-இல் நிக்கலோடியனில் தொடங்கியது. அவரே நாயகனாகக் குட்டிக்கரணம் போடுவார், பழங்களைச் சாப்பிடுவார், சோம்பேறி ஊரை எழுப்புவார். எண்ணம் அருமையானது. ஆனால் அதைப் பார்க்கும் பிள்ளையும் உட்கார்ந்துதானே பார்க்கிறது? ஒரு அத்தியாயம் முடிந்ததும் அணைத்துவிட்டு, "அந்த மாமா எப்படித் தாண்டினார்?" என்று கேளுங்கள். தரையில் கோலமாவால் இரண்டு கோடு போட்டுத் தாண்டச் சொல்லுங்கள். அதற்கு நேரம் இல்லாத நாளில் தொடரையும் போட வேண்டாம்.

புதுவயல்: சித்திரை வெயிலில் எப்போது வெளியே விடுவது?

காலை 9 மணிக்கு முன்னால், மாலை 5 மணிக்கு அப்புறம். நடுவில் வீட்டுக்குள் பாட்டும் ஆட்டமும். தண்ணீர் கேட்கும் வரை காத்திருக்காமல் கொடுங்கள்.

குன்றக்குடி அருகே, அங்கன்வாடிப் பணியாளர்: ஒரே அறை, நிறையப் பிள்ளைகள், கையில் என் போன் மட்டும். ஒரு பெண் குழந்தை குண்டாக இருக்கிறாள், மற்றவர்கள் சிரிப்பதால் ஆடவே வர மாட்டேன் என்கிறாள்.

உங்களிடம் போன் இருப்பதே போதும், திரை வேண்டாம். பாட்டைப் போடுங்கள், எல்லாரும் ஆடட்டும். திடீரென நிறுத்துங்கள், அப்படியே சிலையாக நிற்க வேண்டும். யாரையும் அவுட் ஆக்காதீர்கள். அவுட் ஆகிற பிள்ளைதான் அதிகம் ஆட வேண்டிய பிள்ளை, அதையே ஓரமாக உட்கார வைத்தால் என்ன பயன்? அடுத்த சுற்றில் யானை மாதிரி நடங்கள், தவளை மாதிரி தாவுங்கள், கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்று மாற்றுங்கள். இடம் குறைவாக இருந்தால் பாதிப் பேர் ஆட, பாதிப் பேர் தாளம் தட்டட்டும்.

அந்தப் பெண்ணிடம் பாட்டை நிறுத்தும் வேலையைக் கொடுங்கள். மற்றவர்கள் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஆனால் இந்தத் தடவை சிரிக்க மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, "நீயே ஒரு மிருகம் சொல்லி நடந்து காட்டு" என்று கேளுங்கள். எடையைப் பற்றி அவள் காதுபட ஒரு வார்த்தை வேண்டாம், பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்.