வற்றாத தேசிக்காய்

கேள்வி: லிபியாவில் பாலைவனத்துக்கு அடியில் வற்றாத நிலத்தடி நீர் இருக்கிறதாம். அதைக் குழாய் வழியாகக் கடற்கரை நகரங்களுக்கே கொண்டுபோய்விட்டார்கள். பாலைவனக்காரர்களுக்கே முடிந்த காரியம், வளவுக்கு வளவு கிணறு உள்ள யாழ்ப்பாணத்தில் ஏன் முடியவில்லை?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 'நிலத்தடி' என்று சென்னைத் தமிழில் எழுதியதைப் பொறுத்துக்கொள்கிறேன். (நமது பாடப் புத்தகத்தில் அது தரைக்கீழ் நீர். எத்தனை தரம் சொல்வது?) அந்த 'வற்றாத'வைத்தான் பொறுக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீடு. நூலாசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி, 'வற்றாத தமிழூற்று' என்று பட்டம் கொடுத்தார்கள். நான் முன்வரிசை. எழுந்து போக வழியில்லை. ஏற்புரை ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் ஊற்று மூன்று போத்தல் தண்ணீர் குடித்தது. மூன்றாவது எனக்கு வைத்த போத்தல். அதன்பிறகு அவர் எழுதியது ஒரேயொரு கவிதை, மன்னாரைப் பற்றி. இந்தப் பத்திரிகைக்குத்தான் அனுப்பினார். அதில் 'வற்றாத பாலை' என்று ஒரு வரி. வற்றியதால்தானே ஐயா அது பாலை என்று அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டினேன். அன்றிலிருந்து காலி வீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறார்.

அவர் பக்கமும் ஒரு துளி நியாயம் உண்டு. பாலை தனி நிலமே இல்லை; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து 'பாலை என்பதோர் படிவம் கொள்ளும்' என்கிறது சிலப்பதிகாரம். வன்னியிலோ பாலை என்றால் மரம். அதன் பழத்தைத் தின்றால் பால் பட்டு இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். ஏற்புரைக்கு முன் அவருக்கு ஒரு கை பாலைப்பழம் கொடுத்திருக்கலாம்.

சரி, லிபியா. சிலப்பதிகார வரி சகாராவுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். சுமார் 5,000 வருடங்களுக்கு முன்வரை அங்கே புல்வெளியும் ஏரியும் இருந்தன. எகிப்தின் தென்மேற்கு மூலையில், கில்ஃப் கெபீர் மேட்டுநிலத்தில், அல்மாசி என்ற ஹங்கேரியர் 1933இல் ஒரு குகை ஓவியத்தைக் கண்டார். கையையும் காலையும் நீட்டி நீந்துவதுபோல் சின்னச் சின்ன மனிதர்கள். இன்று அங்கே நீந்துவதென்றால் மணலில்தான். மழை பெய்த அந்தக் காலங்களில் மணற்கல்லுக்குள் இறங்கிய தண்ணீர்தான் உங்கள் 'வற்றாத' நீர். லிபியா, எகிப்து, சாட், சூடான் என்று நான்கு நாட்டுக்கு அடியில் கிடக்கிறது. 1950களில் எண்ணெய் தேடித் துளை போட்டவர்களுக்கு லிபியாவின் தென்கிழக்கில் குஃப்ரா பக்கம் தண்ணீர் அகப்பட்டது. கடாபி 1984இல் வேலையைத் தொடங்க, 1991இல் பெங்காசிக்கும் 1996இல் திரிப்போலிக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. குழாயின் விட்டம் 4 மீற்றர். இரண்டு ஓட்டோ பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம், மீற்றர் போடாமல்.

கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் எடுத்ததை நிரப்ப அங்கே இப்போது மழை இல்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த நமது யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று வகை: முதுசம் (முன்னோர் விட்டுப்போனது), சீதனம், தேடிய தேட்டம் (நாமே உழைத்துச் சேர்த்தது). சகாராத் தண்ணீர் முழுக்க முதுசம்.

முதுசத்தைத் தின்றவர்கள் அதே லிபியாவில் முன்பும் இருந்தார்கள். ஃபெஸ்ஸான் பகுதியில் கராமந்தர் என்றொரு கூட்டம். அவர்களுடைய மாடுகள் பின்னோக்கி நடந்து மேயும் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். கொம்பு முன்பக்கம் வளைந்ததாம். முன்னால் நடந்தால் மண்ணில் குத்திக்கொள்ளுமாம். இதை நான் எங்கள் ஊரில் மாடு வைத்திருந்த ஒருவரிடம் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப பால் எந்தப் பக்கம் கறந்தவை?" என்று கேட்டார். ஹெரோடோட்டஸ் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கராமந்தர் மலையடிவாரத்திலிருந்து வயலுக்குத் தரைக்கடியில் சுரங்கக் கால்வாய்கள் வெட்டினார்கள், அறுநூறு அளவில். அடிமைகளை இறக்கி இன்னும் ஆழமாக வெட்டினார்கள். மாடு பின்னால் போனது, தண்ணீர் கீழே போனது. அவர்களுடைய அரசு தேய்ந்ததற்குப் பல காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி யாழ்ப்பாணம். அங்கே ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஆறு. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. வருடா வருடம் தேடவேண்டிய தேட்டம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் நிற்கும். மேலே அந்த ஓர் அடி இறங்கினால் போதும், கீழேயிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மிதித்தவனுக்குக் களைத்தது, கிணறு தப்பியது. மெசினுக்குக் களைப்பது எண்ணெய் முடிந்தால்தான். எங்கள் பெரியப்பா வெங்காயத் தோட்டத்துக்கு மெசின் வாங்கியது பெரிய செய்தி, ஊரே வந்து பார்த்தது. நாலைந்து வருடத்தில் கிணறு மாறிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர் பெரியம்மா, தேத்தண்ணியில். பெரியப்பா கடைசிவரை தேயிலையில்தான் பிழை என்றார்.

அதே பெரியப்பாதான் எனக்கு நிலாவரைக் கிணற்றைக் காட்டியவர். வற்றாத கிணறு என்றார். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சொல்லவில்லை. அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்பது ஊர்க்கதை. நானும் ஒன்று போட்டேன், பேனாவால் என் முதலெழுத்தை எழுதி. மறுநாள் கீரிமலைக்குப் போனோம். கேணியில் உண்மையாகவே ஒரு தேசிக்காய் மிதந்தது. எழுத்தைக் காணோம்.

"தண்ணியில அழிஞ்சிருக்கும்" என்றார் பெரியப்பா.