இன்றைய ஹங்கேரி அனிமேஷனில் யாரைக் கவனிக்கலாம்?

இப்போதைக்கு ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால், புளோரா அன்னா புடா. இவரது '27' என்ற குறும்படம் 2023இல் கான் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்கான தங்கப்பனை விருதை வாங்கியது. அதே ஆண்டு பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவில் குறும்படங்களுக்கான முதல் பரிசும் அதற்குத்தான். 27 வயதாகியும் பெற்றோர் வீட்டிலேயே இருக்கும் பெண்ணின் மூச்சுமுட்டல்தான் கதை. வண்ணங்களோ கண்ணைப் பறிக்கும். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படமல்ல, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்!

அடுத்து ரேகா புச்சி. 'சிம்பொனி எண் 42' புடாபெஸ்டின் மொஹோலி-நாகி கலைப் பல்கலைக்கழகத்தில் இவர் செய்த பட்டப்படிப்புப் படம். சுமார் பத்தே நிமிடத்தில் 47 துண்டுக் காட்சிகள். கோவையான கதையைத் தேடாதீர்கள். புடாவும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான்.

முழுநீளப் படம்தான் வேண்டுமா? சரி, மிலோராட் கிறிஸ்டிச்சின் 'ரூபன் பிராண்ட்' (2018) பாருங்கள். அவர் இளைஞர் அல்ல, ஆனால் ஓவியத் திருட்டுக் கதை விறுவிறுப்பாகப் போகும்.