மூடியோட உள்பக்கம் பாருங்க

கேள்வி: எங்க வாப்பா 1970கள்ல துபாய்ல இருந்தப்ப கடைல வாங்குன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் வீட்ல இருக்கு. பின்மூடில கடல்குதிரை போட்டிருக்கும். நிலாவுக்குப் போன வாட்ச்னு வாப்பா பெருமையா சொல்லுவாங்க. இப்ப எங்க மச்சான், ‘நாசா வாட்சுக்குக் கேஸ் (வாட்சோட வெளிக்கூடு) செஞ்சது அமெரிக்காவுல, உங்களுது சுவிஸ்னு போட்டிருக்கு, அப்ப டூப்ளிகேட்டு’ங்கிறாரு. மனசு கேக்கல. எது நெசம்? பாலிஷ் போட்டு வைக்கலாமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: மச்சான் சொன்னதுல பாதி சரிங்க, ஆனா அந்தப் பாதிய உங்க வாட்ச் மேல வச்சுப் பார்த்ததுதான் தப்பு.

முதல்ல ஒண்ணு, டயல்ல இருக்குற பேரு வேற, கேஸ் செஞ்ச பட்டறை வேற. அந்தக் காலத்துல சுவிஸ்ல ஒரே கம்பெனி எல்லாத்தையும் செய்யல. ஒமேகா இருந்தது பியென் ஊர்ல, ஸ்பீட்மாஸ்டருக்குள்ள ஓடுன மெஷின் லெமானியா கம்பெனியோட வேலை, கேஸ் செஞ்சது இன்னொருத்தர். 1960கள்ல அந்தக் கேஸ் பெரும்பாலும் வந்தது லு லோக்ல்ங்கிற மலையூர்ல இருந்த ஹ்யூகெனின் ஃப்ரேர் பட்டறைலேருந்து, அவங்க மெடல் அடிக்கிறதுலயும் பேர் வாங்குனவங்க, இரும்ப அச்சுல வச்சு அடிச்சு உருவம் கொண்டுவர்றது அவங்களுக்குக் கைவந்த வேலை. இன்னும் கொஞ்சம் கேஸ் சென்ட்ரல் புவாத்ங்கிற பட்டறைலேருந்து வந்துச்சு. நாசா இந்த வாட்ச 93 டிகிரி சூட்டுல வச்சு, குளிர்ல வச்சு, ஈரத்துல வச்சு, குலுக்கி, காத்தில்லாத பெட்டிக்குள்ள வச்சு, எல்லாத்துலயும் தாங்குதுன்னு 1965 மார்ச் 1ல சான்று குடுத்தது, அப்ப சோதிச்சது தனியா செஞ்ச வாட்ச் இல்ல, கடைல வித்த அதே மாடல்தான். அதே வருஷம் ஜூன்ல எட் ஒயிட் விண்கலத்த விட்டு வெளில மிதந்தப்ப கைல கட்டியிருந்ததும், 1969ல பஸ் ஆல்ட்ரின் நிலாவுல கட்டியிருந்ததும் சுவிஸ் கேஸ்தான்.

அப்ப அமெரிக்கா எங்கேருந்து வந்துச்சு? அரசாங்கம் காசு குடுத்து வாங்குனா உள்நாட்டுச் சரக்குக்குத்தான் முதலிடம்னு அங்க 1933லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்க. 1970கள்ல நாசாவுக்கு மறுபடி வாட்ச் குடுக்குறப்ப போட்டிக்கு அமெரிக்கக் கம்பெனியும் நின்னுச்சு, அந்தச் சட்டம் குறுக்க வந்துச்சு, அதுக்காக ஒமேகா கேஸ் வேலைய மிச்சிகன் மாநிலத்துல, ஏரிக்கரையில இருக்குற லுடிங்டன்ங்கிற சின்ன ஊருக்குக் கொண்டு போச்சு. அங்க ஸ்டார் வாட்ச் கேஸ் கம்பெனின்னு ஒரு பழைய பட்டறை, ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச இடமா இருந்திருக்கும். உள்ள ஓடுன மெஷின் அப்பவும் சுவிஸ்தான். உங்க மச்சான் கேள்விப்பட்டது இதைத்தான். ஆனா அது நாசாவுக்குக் குடுத்த சரக்கு. துபாய் கடைல வாங்குனதுல சுவிஸ்னு இருந்தா அது இருக்க வேண்டியபடிதான் இருக்கு, இதுக்காக வாப்பா வாட்ச சந்தேகப்படாதீங்க.

கடல்குதிரைய மட்டும் நம்பியும் முடிவு பண்ணாதீங்க. நம்ம தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வலைல மாட்டுற அதே கடல்குதிரைதான் (2001லேருந்து அத பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, மாட்டுனா உடனே கடல்ல விட்டுருங்க), ஒமேகா அத சீமாஸ்டர்ங்கிற அவங்களோட இன்னொரு வாட்ச் மூடில போட்டுச்சு, அப்புறம் ஸ்பீட்மாஸ்டருக்கும் போட்டுச்சு, போலி அடிக்கிறவனும் போடுவான். பார்க்க வேண்டியது மூடியோட உள்பக்கம். அங்க 145.022 மாதிரி ஒரு நம்பர் அடிச்சிருக்கும், அதுதான் கேஸோட நம்பர். உள்ள இருக்குற மெஷினும் அந்த நம்பருக்கு ஒத்து வரணும்.

போன ஐப்பசில பாம்பன்லேருந்து ஒருத்தர் வேற ஒரு பழைய வாட்ச் கொண்டு வந்தாரு. மூடிய திருகுனா வரல, மரையில உப்பு கட்டி வெள்ளையா இறுகிப் போயிருந்துச்சு. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வச்சு காலைல திறந்தா வாஷர் தார் மாதிரி உருகி விளிம்புல ஒட்டியிருந்துச்சு, மூடி உக்காருற எடத்துல இரும்புல ஊசி குத்துன மாதிரி சின்னச் சின்னக் குழி. உள்பக்கம் முழுக்க அழுக்கு, பல்குச்சிய கூராக்கி கொஞ்சம் கொஞ்சமா எடுக்க எடுக்க ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு, அவரு ஸ்டூல விட்டு எந்திரிச்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டே நின்னாரு. துருப்பிடிக்காத இரும்புன்னு பேரு இருந்தாலும் நம்ம உப்புக்காத்து அதையும் விடாது.

அதனாலதான் பாலிஷ் கேள்விக்கு என் பதில் வேணாம். பஃப் சக்கரத்துல ஒரு தடவ பிடிச்சா வார் மாட்டுற காதோட கூர் விளிம்பு போயிரும். 105.012ங்கிற ஸ்பீட்மாஸ்டர் மாடல்ல 1966 வாட்சுக்கு ரெண்டு பட்டறையும் கேஸ் செஞ்சாங்க, சென்ட்ரல் புவாத் கேஸ்ல மட்டும் காது விளிம்புல கூடுதலா ஒரு பட்டை சீவியிருக்கும், பாலிஷ் பார்த்த வாட்ச்ல அந்தப் பட்டை மழுங்கி எந்தப் பட்டறைன்னே தெரியாம நிக்கிறத நான் பார்த்திருக்கேன், வயிறு எரியும். வாப்பா கைல விழுந்த கீறல் அப்படியே இருக்கட்டும். மெல்லிசு துணில துடைங்க, வாஷர மட்டும் மாத்துங்க, பழைய மூடிய மாத்துறேன்னு யாராவது சொன்னா குடுக்காதீங்க.

கேள்வி: நிலா வாட்சுக்கு பிளாஸ்டிக் கண்ணாடிதான்னு சொல்றாங்க, ஏன்? (தேவிபட்டினம் வாசகி)

பதில்: ஆமாங்க, ஹெசலைட்னு அதுக்குப் பேரு. கண்ணாடி உடைஞ்சா நம்ம வீட்ல தரைல விழும், கூட்டிரலாம். விண்கலத்துல எடை கிடையாது, சில்லு காத்துல மிதந்து கண்ணுக்குள்ளயோ மூக்குக்குள்ளயோ போயிரும். ஹெசலைட் சட்டுனு நொறுங்காது, கீறல்தான் விழும்.

கேள்வி: விண்வெளிலயே தாங்குற வாட்ச், பழசு ஒண்ணு கிடைச்சிருக்கு. கடலுக்குக் கட்டிட்டுப் போலாமா? (மண்டபம் வாசகர்)

பதில்: வேணாம். பக்கத்துல இருக்குற ரெண்டு பட்டன் வழியாவும் தண்ணி ஏறும், 50 வருஷத்து வாஷர் எதையும் நிறுத்தாது. வலை இழுக்குற கைக்கு சாதாரண டிஜிட்டல் வாட்ச் போதும், இத வீட்ல பீரோவுல வச்சுட்டுப் போங்க, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டு வைங்க.