வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கும் பி.டி. மரபணு உண்டா?

கேள்வி: பருத்திக் காய்ப்புழுவை அடக்கும் பி.டி. மரபணுவைப் போல, தக்காளி வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுவுக்கும் ஒன்று உள்ளதா?

பதில்: உள்ளது. பருத்தியில் சேர்க்கப்பட்ட மரபணுவை வழங்கிய அதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) பாக்டீரியாவின் சில வகைகள், கிரை5பி, கிரை6ஏ, கிரை14ஏ போன்ற, நூற்புழுக்களைக் கொல்லும் படிகப் புரதங்களையும் உண்டாக்குகின்றன. இவற்றுள் கிரை5பி, புழுவின் குடல் செல்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரை இணைந்த கொழுப்பு மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு செல்சவ்வில் துளையிடுகிறது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பயிரைத் தாக்கும் நூற்புழு ஊசி போன்ற வாயுறுப்பை வேர்ச் செல்லுக்குள் செலுத்தி உயிர்ச்சாற்றை மட்டுமே உறிஞ்சுவதால், மண்ணில் இடும் நச்சுப் புரதம் அதன் குடலைச் சென்றடைவது அரிது. எனவே வேர்ச் செல்லே அப்புரதத்தை உண்டாக்கியாக வேண்டும். அப்போதும், பெரிய மூலக்கூறுகள் அந்த நுண்ணிய உணவுப்பாதையில் நுழையுமா என்ற ஐயம் நீடித்தது. ஏறத்தாழ 54 கிலோடால்ட்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள பெரிய கிரை6ஏ புரதத்தை உண்டாக்கும் தக்காளி வேர்களில் வேர்முடிச்சு நூற்புழுவின் இனப்பெருக்கம் கணிசமாகக் குறைந்ததைக் கண்டபோது, அந்தப் புழுவைப் பொறுத்தவரை ஐயம் தீர்ந்தது; எனக்கு இது மிகுந்த நம்பிக்கை தரும் முடிவு.

அமெரிக்காவில் சோயாவின் பெரும்பகையான முட்டைக்கூடு நூற்புழுவுக்கு எதிராகக் கிரை14ஏபி மரபணு கொண்ட சோயா உருவாக்கப்பட்டுள்ளது. ஆயினும் ஒரே நச்சை மட்டும் நம்பினால் புழுக்கள் எதிர்ப்புத்திறன் பெறக்கூடும். இந்தியப் பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதைக் காட்டிவிட்டது. இந்தியாவில் இத்தகைய தக்காளி சாகுபடியில் இல்லை என்பதால், இப்போதைக்கு வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைக்கச் செண்டுமல்லியைப் பயிர்ச்சுழற்சியில் சேருங்கள்.