12 நாளில் 5 கிலோ: போனது கொழுப்பா, தண்ணீரா?

கேள்வி: எனக்கு 41 வயது, உயரம் 157 சென்டிமீட்டர். போன மாதம் 82 கிலோ இருந்தேன். இட்லி, தோசை, சோறு, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முட்டை, மீன், காய், கீரை, கொஞ்சம் சுண்டல் என்று மாறினேன். பசித்தால் வறுத்த வேர்க்கடலை. ஊறுகாய், அப்பளம், கருவாடு பக்கமே போகவில்லை. 12 நாளில் 4.8 கிலோ குறைந்தது. அதன் பிறகு இரண்டு வாரமாக மெஷின் 77-ஐ விட்டு நகரவில்லை. போன ஞாயிறு ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டேன். மறுநாள் காலை 78.6! பட்ட பாடெல்லாம் வீணா? இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிடட்டுமா? நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், எழுந்து நின்றால் சில நேரம் தலை சுற்றுகிறது. என்னைப் பார்த்து என் கணவரும் (அவருக்குச் சர்க்கரை, மாத்திரை போகிறது) போன வாரத்திலிருந்து சோற்றை விட்டுவிட்டார். காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன விஷயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உங்கள் எடை ஒரு வாரம் காத்திருக்கும். உங்கள் கணவரின் மாத்திரை காத்திருக்காது.

அவருக்கு எழுதிக்கொடுத்திருக்கும் அளவு, அவர் மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிடுகிறவர் என்ற கணக்கில் எழுதியது. சோறு போய்விட்டது, மாத்திரை அப்படியே இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ இருந்தால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் இவைதான் அடையாளம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. ஆனால் மாத்திரைப் பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிந்தால் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) வேறொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும்போது, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நாளைக்கே அவருடைய டாக்டரிடம் "சோற்றை விட்டுவிட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லும்வரை பழைய சாப்பாடு நடக்கட்டும்.

இனி உங்கள் கணக்கு.

உடல் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். உங்கள் வயது, உயரம், எடைக்கு நாளொன்றுக்கு 1,900 கலோரி செலவாகும் என்று வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாடு 1,200 சுமாருக்கு வரும். பற்றாக்குறை 700. அதை 12 நாளால் பெருக்கினால் 8,400. ஆக, கரைந்த கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மெஷின் காட்டியதோ 4.8. மிச்சம் மூன்றரை கிலோவுக்கு மேல் எங்கே போனது?

பெரும்பகுதி கழிவறை வழியாகத்தான். முதல் வாரத்தில் அடிக்கடி சிறுநீர் போயிருக்குமே, நினைவிருக்கிறதா?

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் கைச்செலவுக்கு வைத்திருக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். இதை உடல் உலர்ந்த அரிசியாக வைப்பதில்லை, ஊறவைத்த அரிசியாக வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு, இட்லி வரத்து நின்றதும் இரண்டு மூன்று நாளில் இந்தக் கையிருப்பில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது, கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. இந்த ஒரு வழியில் மட்டும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ.

அடுத்தது உப்பு. உடலில் சுமார் 9 கிராம் உப்பு தங்கினால் அது ஒரு லிட்டர் தண்ணீரைக் கூடவே பிடித்துவைக்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் இருப்பதும் இதே விகிதம்தான். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு உள்ள வீட்டில் அது எவ்வளவு சீக்கிரம் தாண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறீர்கள். மாவுச்சத்து குறைந்ததால் இன்சுலினும் குறைந்தது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்காமல் வெளியே விட்டுவிடும். இரண்டும் சேர்ந்து இன்னொரு லிட்டர். கடைசியாக, குடலில் எப்போதும் இருக்கும் சாப்பாட்டின் எடை. தட்டு சிறிதானால் அதுவும் அரைக் கிலோ, முக்கால் கிலோ குறையும்.

மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள், உங்கள் 4.8 வந்துவிடும். 'ஏழே நாளில் ஐந்து கிலோ' என்று விளம்பரம் செய்கிறவர்கள் பல நேரம் பொய் சொல்வதில்லை. தண்ணீரை எடைபோட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான். பழைய ரயில் நிலையங்களில் கலர் விளக்கு எரியும் எடை மெஷின் இருந்ததே, காசு போட்டால் சீட்டு வரும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். உணவுமுறையை மாற்றிய முதல் இரண்டு வாரத்துக்கு எடைப் பக்கத்தையும் ஜோசியப் பக்கம் மாதிரியே படிப்பது நல்லது.

தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் இறங்கினார். முதல் நாள் காலை எடை சரியாக இருந்தது. மூன்று போட்டி முடிந்து, இடையில் சாப்பிட்டு, நீர் குடித்த பிறகு மாலையில் வரம்பைவிட 2.7 கிலோ அதிகம். இரவு முழுக்க உடற்பயிற்சி, வியர்வை, முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் 100 கிராம்தான் மிச்சம், அதனால் தகுதி இழந்தார். ஒரே இரவில் ஏறத்தாழ 2.6 கிலோ குறைத்திருக்கிறார். அதைக் கொழுப்பு என்று யாரும் சொல்லமாட்டோம் அல்லவா?

உங்கள் கல்யாணச் சாப்பாடு அதன் மறுபக்கம். 77-லிருந்து 78.6, அதாவது 1.6 கிலோ. அவ்வளவும் கொழுப்பாக ஏற வேண்டுமென்றால் அன்றைய தேவைக்கு மேல் 12,000 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். நாலு பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தாலும் நடக்காது. சாதமும் பாயசமும் காலியான கிளைகோஜன் கிடங்கை நிரப்பின, அது தனக்கான தண்ணீரை இழுத்துக்கொண்டது. அப்பளமும் ஊறுகாயும் தங்கள் பங்குக்கு இழுத்தன. குடலில் இலைச் சாப்பாடு பாதி இன்னும் இருந்தது. மூன்று நான்கு நாளில் இறங்கியிருக்கும். இந்தக் கடிதம் எழுதும்போதே இறங்கத் தொடங்கியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்த நகராத இரண்டு வாரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், 4.8 கிலோ இறங்கிய 12 நாளில் போன கொழுப்பும், ஒன்றுமே இறங்காத இந்த இரண்டு வாரத்தில் போன கொழுப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கலாம். முதலில் அளவுக்கு மேல் வெளியேறிய உப்பையும் நீரையும் உடல் பிறகு கொஞ்சம் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோ நீர் கோப்பது சாதாரணம். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியிருந்தால் வலிக்கிற தசையும் நீரைச் சேர்த்துவைக்கும். உள்ளே கொழுப்பு போய்க்கொண்டிருக்க, தண்ணீர் வந்து அந்த இடத்தை மறைக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்: வேர்க்கடலை. 100 கிராமில் 570 கலோரி சுமாருக்கு இருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று கைப்பிடி போனால் அன்றைய பற்றாக்குறையில் பாதி போயிற்று. மீன் பொரிக்கும் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. ஒரு வாரம் இவ்விரண்டை மட்டும் அளந்து பாருங்கள்.

தலைசுற்றலுக்கு வருகிறேன். உப்பும் நீரும் குறைந்தால் இரத்த அழுத்தமும் இறங்கும். உங்கள் மாத்திரையில் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால் இரட்டை வேலை நடக்கிறது. உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒரு முறை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 புள்ளி இறங்கினால் அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இது நல்ல செய்திதான், ஆனால் குளியலறையில் விழுந்து தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல. கெண்டைக்கால் இழுப்பும் தலைவலியும் இருந்தால் அவையும் இதே வகை. மோரில் அளவாக உப்புப் போட்டுக் குடிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல், எடை குறைக்கிறவர்களும் நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக்கூடாது, வாரம் அரைக் கிலோ போதும் என்கிறது. நீங்கள் ஏற்கெனவே அந்தக் கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறீர்கள். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு போட்டுப் பார்த்தார். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி, அதோடு நிறைய நடை. எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்தது. கணுக்கால்களில் நீர் கோத்தது. சோர்வு, எரிச்சல், இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் குறிப்புகளைச் சேகரித்தவர்கள்கூட உண்டு. அவர்கள் ஒல்லியான ஆண்கள், நீங்கள் வேறு. ஆனாலும் பட்டினி மனசை என்ன செய்யும் என்பதை அந்தப் பரிசோதனைக்குப் பிறகு யாரும் சந்தேகப்பட்டதில்லை.

வேகத்துக்கு வேறு விலையும் உண்டு. ஆரம்பத் தண்ணீர்க் காலம் கழிந்த பிறகும் வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. கரையும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் வந்து சேர, சாப்பாடு குறைந்ததால் பை சுருங்காமல் தேங்கிக் கிடக்கும். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து வலித்தால் வாயுவென்று பெருங்காயம் தேடாமல் ஸ்கேன் எடுங்கள். தசையும் குறையும். அதைத் தடுக்க நாளைக்குக் குறைந்தது 60, 70 கிராம் புரதம் வேண்டும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது). ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதும் இதன் தொடர்ச்சியே. எண்ணெயை மாற்றிப் பயனில்லை. சாப்பாடு சீரானால் வளர்ந்துவிடும்.

எடை பார்க்கும் முறையை மாற்றுங்கள். காலையில், கழிவறை போய்வந்து, காபிக்கு முன், அதே மெஷினில், கால்மிதி விரிப்பின் மேலல்லாமல் வெறும் தரையில் வைத்து. தினமும் எழுதி ஏழு நாள் சராசரி எடுத்து, போன மாதம் மாதவிலக்குக்குப் பிறகு வந்த வாரத்தை இந்த மாதம் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே தையல் டேப். இடுப்பைச் சுற்றி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளந்துகொள்ளுங்கள். நம்மூர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது. மெஷின் நின்ற இரண்டு வாரத்தில் டேப் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறதா, அல்லது பாவாடை நாடா முன்பைவிட இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு வாரமாகியும் சராசரி, டேப் இரண்டும் அசையவில்லை என்றால் சாப்பாட்டை மறுபடி அளக்கலாம், தைராய்டும் பார்த்துவிடலாம். மாறாக, இப்போது நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போய், தாகமும் சிறுநீரும் அதிகமானால் அதை வெற்றியென்று கொண்டாடாமல் உடனே சர்க்கரை பாருங்கள்.

தேன் எலுமிச்சை? கரைகிற கொழுப்பு வெந்நீரில் இளகி ஓடுவதுமில்லை, வியர்வையில் வழிவதுமில்லை. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மிச்சம் 1.6 கிலோ நீராகிறது. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. வெந்நீரும் எலுமிச்சையும் ருசிக்குக் குடியுங்கள், தேனைப் பேரப்பிள்ளைகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.